ஹெடர் ஃபைல்களில் ஒரு பெயரைத் தேடுவது: கிரெப் நிற்கும் இடமும் கம்பைலர் தொடங்கும் இடமும்

சி மொழியில் ஃபங்ஷன்களின் பெயர்களைக் கம்பைலருக்கு அறிவிப்பவை .எச் என்று முடியும் ஹெடர் ஃபைல்கள். லினக்ஸ் கணினி ஒன்றில் மேத்.எச் ஃபைலை எடுத்து, வர்க்கமூலம் கணக்கிடும் எஸ்கியூஆர்டி ஃபங்ஷன் அதில் எங்கே டிக்ளேர் ஆகியிருக்கிறது என்று, ஃபைல்களில் சொல் தேடும் கிரெப் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். சில வரிகள் கிடைக்கும், ஆனால் எல்லாமே கமெண்ட். எம்_எஸ்கியூஆர்டி2 போன்ற மாறிலிகளின் பக்கத்தில் "இது இரண்டின் வர்க்கமூலம்" என்கிற மாதிரி எழுதி வைத்த குறிப்புகள். ‘டபுள்’ என்று தொடங்கி, ஃபங்ஷன் பெயர் வந்து, அடைப்புக்குறி திறக்கிற அந்த வரி, சி பாடப்புத்தகங்களில் நாம் எல்லோரும் பார்த்த வரி, அங்கே கிடையாது. ஆனாலும் மேத்.எச்-ஐ இன்க்ளூட் செய்த புரோகிராம் எந்தப் புகாரும் இல்லாமல் கம்பைல் ஆகிறது.

காரணம், உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாம் பயன்படுத்தும் ஜிலிப்சி என்ற சி நூலகம் கணித ஃபங்ஷன்களை வேறு விதமாக எழுதி வைத்திருக்கிறது. அவை பிட்ஸ் டைரக்டரிக்குள் மேத்கால்ஸ்.எச் என்ற தனி ஃபைலில் இருக்கின்றன. அங்கேயும் நேரடியாக இல்லை: __மேத்கால் என்ற மேக்ரோவுக்குள் (கம்பைலுக்கு முன் வேறு உரையாக விரியும் பெயர்தான் மேக்ரோ) ஃபங்ஷன் பெயரும், _எம்டபுள்_ என்ற போலி டைப்பும் மட்டும்தான். மேத்.எச் முதலில் அந்தப் போலி டைப்பை டபுள் என்று வைத்துக்கொண்டு இந்த ஃபைலை உள்ளே இழுக்கிறது. அப்புறம் ஃப்ளோட் என்று மாற்றி, பெயரின் கடைசியில் எஃப் எழுத்தை ஒட்டச் சொல்லி, அதே ஃபைலை மறுபடி இழுக்கிறது. பிறகு லாங் டபுளுக்காக இன்னொரு முறை. புதிய வெளியீடுகளில் வேறு ஃப்ளோட் வகைகளுக்காகவும் இதே சுற்று நடக்கிறது. ஆக எஸ்கியூஆர்டிஎஃப் என்ற பெயர் மேத்கால்ஸ் ஃபைலில் எழுதப்படவே இல்லை. இன்க்ளூட்களையும் மேக்ரோக்களையும் விரிக்கும் முதல் கட்டமான பிரீபிராசஸர் ஓடும் நேரத்தில்தான் அது பிறக்கிறது.

எழுதப்படாத பெயரைக் கிரெப்பால் கண்டுபிடிக்க முடியாது. இதைச் சொல்லக் காரணம், ஹெடர் ஃபைல்களில் தேடுவதற்கென்று எழுதப்படும் ஷெல் ஸ்கிரிப்டுகளில் பெரும்பாலானவை இரண்டு வெவ்வேறு கேள்விகளை ஒன்றாக நினைத்து எழுதப்படுகின்றன. "இந்தப் பெயர் எந்தெந்த ஃபைலில் எழுதப்பட்டிருக்கிறது?" என்பது ஒன்று. "என் கம்பைலருக்கு, இந்த மெஷினில், இந்தக் கொடிகளோடு (கட்டளையில் மைனஸ் குறியோடு தரும் தேர்வுகள்), இந்தப் பெயர் என்னவாகத் தெரிகிறது?" என்பது இன்னொன்று. முதலாவதற்குக் கிரெப் போதும். இரண்டாவதற்குக் கம்பைலரைத்தான் கேட்க வேண்டும், ஷெல்லின் வேலை அந்தப் பதிலை வடிகட்டித் தருவது. ஹெடர் டைரக்டரி ஒரு பெயர்ப்பட்டியல் கிடையாது, அது ஓட வேண்டிய ஒரு புரோகிராம்.

கிரெப்பை ஒதுக்கச் சொல்லவில்லை. 1973-இல் கென் தாம்ப்சன் யூனிக்ஸுக்காக எழுதிய இந்தக் கருவி, பெயர் எங்கே இருக்கிறது என்ற முதல் மோப்பத்துக்கு இன்றும் வேகமான வழி. மைனஸ் ஆர், மைனஸ் என், மைனஸ் டபிள்யூ மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் டைரக்டரி முழுக்க, வரி எண்ணோடு, முழுச் சொல்லாக மட்டும் தேடும். முழுச் சொல் மட்டும் என்பதால் ஸ்டாட் என்று தேடினால் எஃப்ஸ்டாட்டோ எல்ஸ்டாட்டோ வந்து குவியாது; அண்டர்ஸ்கோரையும் அது சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறிய ஆர் போட்டால் உள்ளே இருக்கும் சிம்லிங்க்குகளுக்குள் (வேறு இடத்தைச் சுட்டும் இணைப்புகள்) ஜிஎன்யு கிரெப் போகாது, பெரிய ஆர் போட்டால்தான் போகும். டைரக்டரிக்குள் இறங்கித் தேடும் வசதியே, யூனிக்ஸ்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸில் இல்லாதது. எல்லா யூனிக்ஸிலும் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் என்றால் ஃபைண்ட் கட்டளையை வைத்து .எச் ஃபைல்களைப் பொறுக்கி, அதன் எக்ஸெக் வழியாகக் கிரெப்பிடம் கொடுப்பதே நல்லது. அப்போது /டெவ்/நல் ஃபைலையும் கூடச் சேர்த்துக் கொடுத்துவிட்டால், ஒரே ஒரு ஃபைல் மட்டும் சிக்கினாலும் கிரெப் அதன் பெயரை அச்சிட்டுவிடும்.

சரி, எங்கே தேடுவது? /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது வழக்கம். அதில் மூன்று ஓட்டைகள்.

டெபியன் குடும்பத்தில் ஒரே கணினியில் பல பிராசஸர் வகைகளுக்கான நூலகங்களை வைத்துக்கொள்ள வசதியாக, வகை சார்ந்த ஹெடர்கள் எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யு என்ற உள் டைரக்டரிக்குப் போய்விட்டன. சிஸ் டைரக்டரியின் ஸ்டாட்.எச்-உம் அதற்குள்தான் இருக்கிறது. முழுப் பாதையை ஸ்கிரிப்டில் எழுதி வைத்தவர்களுக்கு ஃபைல் இல்லை என்று பதில் வரும்.

இரண்டாவது ஓட்டை இன்னும் சுவையானது. சைஸ்_டி. சி மொழியில் இதைவிட அதிகம் புழங்கும் டைப் குறைவு. /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் முழுக்கத் தேடினால் அதைப் பயன்படுத்தும் வரிகள் கொட்டும். அதை டைப்டெஃப் செய்யும் வரி இருப்பதோ ஜிசிசி கம்பைலர் தன்னோடு கொண்டுவரும் எஸ்டிடிடெஃப்.எச்-இல், /யூஎஸ்ஆர்/லிப்/ஜிசிசி டைரக்டரியின் அடியில். போய்ப் பார்த்தால் அங்கே __சைஸ்_டைப்__ என்ற இன்னொரு பெயருக்குக் கை காட்டியிருக்கும். அதன் உண்மையான மதிப்பு எந்த ஹெடரிலிருந்தும் வருவதில்லை! கம்பைலர் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் மேக்ரோ அது. 64 பிட் லினக்ஸில் லாங் அன்சைன்ட் இன்ட் என்று விரியும், மைனஸ் எம்32 கொடுத்தால் அன்சைன்ட் இன்ட் என்று மாறும். இதேபோல ஜிலிப் நூலகத்தின் (ஜிலிப்சி அல்ல, இது வேறு) ஜிலிப்கான்ஃபிக்.எச் ஃபைலும் டெபியனில் /யூஎஸ்ஆர்/லிப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க பிகேஜி-கான்ஃபிக் கருவியிடம் சிஃபிளாக்ஸைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, மேக். 2018-இல் வந்த மோஹாவே வெளியீட்டிலிருந்து மேக்ஓஎஸ்ஸில் /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் இயல்பாக இல்லை, அடுத்த ஆண்டு வந்த கேட்டலினாவில் அதைத் திரும்பக் கொண்டுவரும் வழியும் போய்விட்டது. ஹெடர்கள் எக்ஸ்கோடின் எஸ்டிகேவுக்குள் இருக்கின்றன, அதன் பாதையை எக்ஸ்சிரன் கட்டளை சொல்லும்.

பாதைகளை நாமே யூகிக்காமல் கம்பைலரிடமே கேட்டுவிடலாம். ஜிசிசியோ கிளாங் கம்பைலரோ, மைனஸ் ஈ, மைனஸ் வி இரண்டும் கொடுத்து, மைனஸ் எக்ஸ் சி என்று மொழியையும் சொல்லி, /டெவ்/நல்லை இன்புட்டாகக் கொடுத்தால், தான் எந்தெந்த டைரக்டரிகளில் எந்த வரிசையில் ஹெடரைத் தேடுகிறது என்று எரர் ஸ்ட்ரீமில் எழுதும். "தேடல் இங்கே தொடங்குகிறது", "தேடல் பட்டியல் முடிந்தது" என்ற பொருளில் வரும் இரண்டு ஆங்கில வரிகளுக்கு நடுவே உள்ளதை, உரையைத் திருத்தும் செட் என்ற கட்டளையால் வெட்டி எடுத்தால் பட்டியல் கையில். செய்திகளின் மொழியைத் தீர்மானிக்கும் எல்சி_ஆல் மாறியை சி என்று வைத்துவிட்டு இதை ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேறு மொழியில் அமைத்த கணினியில் ஜிசிசியின் செய்தி அந்த மொழியில் வரும், செட் எதையும் பிடிக்காது.

இடம் தெரிந்துவிட்டது. அடுத்தது எந்த வடிவத்தைத் தேடுவது என்ற சிக்கல். டிக்ளரேஷன் என்றால் எக்ஸ்டெர்ன் என்று தொடங்கும் என்று வைத்து ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதினால் ஜிலிப்சியில் ஓரளவு வேலை செய்யும். அதே ஸ்கிரிப்டை ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னரில் ஓட்டினால் கைவிரித்துவிடும், ஏனென்றால் அங்கிருக்கும் மஸில் நூலகம் ஃபங்ஷன் டிக்ளரேஷனுக்கு எக்ஸ்டெர்ன் போடுவதில்லை. ஜிலிப்சி பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விடும், மஸில் விடாது. மஸிலில் எஸ்கியூஆர்டி மேத்.எச்-இலேயே நேர் வரியாக இருக்கிறது, ஆனால் சைஸ்_டி பிட்ஸ் டைரக்டரியின் ஆல்டைப்ஸ்.எச்-க்குள் ஒளிந்திருக்கிறது. அதோடு ஜிலிப்சியில் நீளமான டிக்ளரேஷன்கள் இரண்டு மூன்று வரிக்கு உடைந்து வரும். ஸ்டாட் ஃபங்ஷனே அப்படித்தான்: முதல் வரியில் பெயரும் முதல் ஆர்குமென்டும், அடுத்த வரியில் மீதி. வரி வரியாகப் பார்க்கும் கிரெப் பாதி டிக்ளரேஷனைத்தான் தரும்.

மேக்ரோ மாறிலிகள் தேடுகிறவர்களுக்கு எர்நோ.எச் நல்ல பாடம். ஃபைல் இல்லை என்பதற்கான ஈநோஎன்ட் பிழையின் எண் 2. எர்நோ.எச்-ஐத் திறந்தால் அந்த எண் இருக்காது. அது பிட்ஸ்/எர்நோ.எச்-ஐ அழைக்கிறது, அது லினக்ஸ்/எர்நோ.எச்-ஐ, அது ஏஎஸ்எம்/எர்நோ.எச்-ஐ, அது ஏஎஸ்எம்-ஜெனரிக்/எர்நோ.எச்-ஐ, அது எர்நோ-பேஸ்.எச்-ஐ. ஆறாவது ஃபைலில்தான் எண். சங்கிலியின் முதல் இரண்டு கண்ணிகள் சி நூலகத்துடையவை, மீதி கெர்னலிலிருந்து வருபவை. டெபியனில் இவை லிப்சி6-டெவ், லினக்ஸ்-லிப்சி-டெவ் என்று இரண்டு தனித்தனிப் பேக்கேஜ்கள். எண்களும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல: ஈஅகெய்ன் லினக்ஸில் பொதுவாக 11, மேக்கில் 35. எர்நோ என்ற மாறியே கூட மாறி அல்ல, ஒரு ஃபங்ஷனை அழைத்து அது தரும் முகவரியில் உள்ளதைப் படிக்கும் மேக்ரோ. ஒவ்வொரு திரெட்டுக்கும் தனி எர்நோ இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

இந்தச் சங்கிலியையெல்லாம் ஷெல்லிலேயே பின்தொடர்ந்து, இஃப்டெஃப் என்ற நிபந்தனை வரிகளை நாமே கணக்குப் போட்டு, மேக்ரோக்களை நாமே விரித்து ஒரு ஸ்கிரிப்ட் எழுத முயல்வது, பிரீபிராசஸரை மறுபடி எழுதுவதுதான். அது ஏற்கெனவே கணினியில் இருக்கிறது, சரியாக வேலை செய்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது இது. இன்க்ளூட் வரி ஒன்றை மட்டும் கொண்ட சி புரோகிராமைப் பிரிண்ட்எஃப் கட்டளையால் உருவாக்கி, பைப் வழியாகக் கம்பைலருக்கு அனுப்ப வேண்டும். மைனஸ் ஈ என்றால் பிரீபிராசஸ் செய்ததோடு நிறுத்து. மைனஸ் எக்ஸ் சி என்றால் வருவது சி மொழி. கடைசியில் தனி மைனஸ் குறி, ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து படி என்பதற்கு. வெளியே வருவது எல்லா மேக்ரோக்களும் விரிந்த, எல்லாக் கிளைகளும் முடிவான, கம்பைலர் உண்மையில் பார்க்கப்போகும் உரை. மேத்.எச்-ஐ இப்படி அனுப்பினால் எக்ஸ்டெர்ன் டபுள் எஸ்கியூஆர்டி முழுதாக வந்து நிற்கும், எஸ்கியூஆர்டிஎஃப்பும் கூடவே.

அந்த உரையில் நடுநடுவே ஹேஷ் குறியில் தொடங்கும் வரிகள் வரும்: ஓர் எண், மேற்கோளுக்குள் ஒரு ஃபைலின் முழுப் பாதை, அதன் பின் ஒன்றிரண்டு இலக்கங்கள். பலர் இதைக் குப்பை என்று நினைத்து மைனஸ் பி கொடுத்து நீக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், தேடலுக்கு வேண்டிய முகவரி அதில்தான் இருக்கிறது. "இதற்கு அடுத்த வரி, இந்த ஃபைலின் இத்தனையாவது வரி" என்று அது சொல்கிறது. கடைசி இலக்கங்களில் 1 என்றால் புதிய ஃபைலுக்குள் நுழைகிறோம், 2 என்றால் அழைத்த ஃபைலுக்குத் திரும்புகிறோம், 3 என்றால் இது சிஸ்டம் ஹெடர்.

இதை, உரையை வரி வரியாகக் கையாளும் ஆக் மொழியில் பிடிப்பது எளிது. ஹேஷ் வரி வந்தால் ஃபைல் பெயரையும் எண்ணையும் நினைவில் வை. மற்ற வரி வந்தால் அதை ஒரு சரத்தின் கடைசியில் ஒட்டு, எண்ணை ஒன்று கூட்டு. சரம் காலியாக இருந்த நேரத்தில் வந்த முதல் வரியின் இடத்தை டிக்ளரேஷன் தொடங்கிய இடமாகக் குறித்துக்கொள். சுருள் அடைப்புக்குறிகளின் ஆழத்தை எண்ணிக்கொண்டே வா. ஆழம் பூஜ்யமாக இருக்கும்போது செமிகோலன் வந்தால் ஒரு டிக்ளரேஷன் முடிந்தது. அதில் நாம் தேடும் பெயர் முழுச் சொல்லாக இருந்தால் ஃபைல், வரி எண், டிக்ளரேஷன் மூன்றையும் அச்சிட்டுவிட்டு, சரத்தைக் காலி செய். இருபது வரி கூட ஆகாது. இப்போது ஸ்டாட் என்று கேட்டால் உடைந்த வரிகள் ஒன்று சேர்ந்து முழு ஃபங்ஷனும் வரும், அதே பெயரில் உள்ள ஸ்ட்ரக்ட் அதன் எல்லா உறுப்புகளோடும் வரும்.

ஒரு முடிச்சு மட்டும் உண்டு. ஹெடரிலேயே முழுதாக எழுதப்பட்ட இன்லைன் ஃபங்ஷனின் உடல் மூடும் இடத்தில் செமிகோலன் இருக்காது, அதனால் அடுத்த டிக்ளரேஷன் அதனோடு ஒட்டிக்கொள்ளும். எஸ்டிடிலிப்.எச்-ஐச் சேர்த்தாலே பைட் வரிசையை மாற்றும் சிறிய இன்லைன்கள் சில உள்ளே வருவதால் இது அபூர்வமான பிரச்சினை இல்லை. மூடும் அடைப்புக்குறியோடு ஆழம் பூஜ்யத்துக்கு வந்து, சரத்தில் இன்லைன் என்ற சொல்லும் இருந்தால், அங்கேயே முடித்துவிடச் சொன்னால் தீர்ந்தது.

மேக்ரோவாக இருக்கும் பெயரை இந்த வழியில் பிடிக்க முடியாது, ஏனென்றால் விரிந்த பிறகு அந்தப் பெயரே உரையில் இருக்காது. ஸ்ட்ரக்ட் ஸ்டாட்டில் எஸ்டி_எம்டைம் என்ற உறுப்பைத் தேடுகிறவர் இன்றைய லினக்ஸில் அதைக் காணமாட்டார். அது எஸ்டி_எம்டிம் என்ற உறுப்பின் வினாடிப் பகுதிக்குச் சுட்டும் மேக்ரோ. அதனால் ஸ்கிரிப்ட் முதலில் மைனஸ் ஈயுடன் மைனஸ் டிஎம் சேர்த்து ஓட்டி, கம்பைலரிடம் இருக்கும் எல்லா மேக்ரோக்களின் பட்டியலையும் வாங்கி, நம் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். எந்த ஃபைலில் டிஃபைன் ஆனது என்றும் வேண்டுமானால் மைனஸ் டிடி. அது முகவரி வரிகளையும் விட்டுவைக்கும்.

சாக்கெட் ஹெடர்களில் இன்னொரு விநோதம் காத்திருக்கிறது. சாக்_ஸ்ட்ரீம் என்று கேட்டால் மேக்ரோ பட்டியல் "சாக்_ஸ்ட்ரீம் என்பது சாக்_ஸ்ட்ரீம்" என்று பதில் சொல்லும். ஜிலிப்சி அதை ஈநம் (பெயரிட்ட எண்களின் பட்டியல்) உறுப்பாக வைத்து, இஃப்டெஃப்பால் சோதிக்கும் புரோகிராம்கள் ஏமாறாமல் இருக்க அதே பெயரில் ஒரு மேக்ரோவையும் வைத்திருக்கிறது. மேக்ரோ தன்னையே குறித்தால் ஸ்கிரிப்ட் அங்கே நிற்காமல் ஈநம் தேடலுக்குப் போக வேண்டும்.

மதிப்பு என்ன என்று தெரிய வேண்டுமென்றால் விரிவுகளைப் பிடித்துக்கொண்டு ஷெல் கணக்கில் இறங்கவே வேண்டாம். அந்தப் பெயரை அச்சிடும் நாலு வரி சி புரோகிராமை ஸ்கிரிப்டே எழுதி, கம்பைல் செய்து, ஓட்டிப் பார்த்தால் போதும். வேறு பிராசஸருக்காகக் கிராஸ் கம்பைல் செய்யும்போது ஓட்டிப் பார்க்க முடியாது. அதற்கும், கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகளை உருவாக்கும் ஆட்டோகான்ஃப் கருவி ஓர் அழகான வழி வைத்திருக்கிறது. மதிப்பு இத்தனைக்கு மேல் இருந்தால் அர்ரேயின் அளவு மைனஸாகிக் கம்பைல் தோற்கும்படி ஒரு துண்டு புரோகிராம் எழுதி, கம்பைல் ஆகிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்துப் பாதிப் பாதியாகக் குறுக்கி எண்ணைக் கண்டுபிடிக்கிறது. எதையும் ஓட்டாமலே பதில் கிடைத்துவிடுகிறது.

பெரிய புராஜெக்டுகள் இந்த வேலையை எப்படிச் செய்கின்றன என்று பார்த்தால் எல்லாம் இதே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. கோ மொழியின் சிஸ்கால் பேக்கேஜில் எம்கேஎரர்ஸ்.எஸ்எச் என்ற ஷெல் ஸ்கிரிப்ட் உண்டு. ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் எந்தெந்த ஹெடர்களைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, அதைப் பிரீபிராசஸரிடம் மைனஸ் டிஎம்மோடு அனுப்பி, வரும் மேக்ரோக்களில் வேண்டியவற்றை ஆக் மூலம் பெயர் வடிவத்தை வைத்துப் பொறுக்குகிறது. பெயர்களை மட்டும்தான் ஷெல் எடுக்கிறது, மதிப்புகளை, கோ மொழியை சி மொழியோடு இணைக்கும் சிகோ கருவி கம்பைலரிடமிருந்து பெறுகிறது. இந்தப் பிரிவினைதான் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், சிறிய ஸ்கிரிப்டுகளும் அதை அப்படியே பின்பற்றலாம். பெர்ல் மொழியின் எர்நோ மாட்யூலை உருவாக்கும் ஸ்கிரிப்டும், பல இயங்குதளங்களில், பிழை எண்கள் எந்த ஃபைல்களில் இருக்கின்றன என்பதை எர்நோ.எச்-ஐப் பிரீபிராசஸ் செய்து வரும் முகவரி வரிகளிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. ஆட்டோகான்ஃபில் ஹெடரைப் பிரீபிராசஸ் செய்து அதன் மேல் ஈகிரெப் ஓட்டும் மேக்ரோ ஒன்று நெடுங்காலமாக உண்டு. அதைவிட, பெயரைப் பயன்படுத்தும் துண்டு புரோகிராமைக் கம்பைல் செய்து பார்க்கும் சோதனையே நம்பகமானது.

எந்த ஹெடரைச் சேர்ப்பது என்றே தெரியாதபோது மேன் பக்கத்தின் சினாப்சிஸ் பகுதிதான் முதல் இடம். அதில் இல்லாத பெயர் என்றால் மைனஸ் ஆர்எல்டபிள்யூ போட்ட கிரெப் தரும் ஃபைல் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றாகக் கம்பைலரிடம் கொடுத்துப் பார்க்கலாம். பிட்ஸ் டைரக்டரியின் ஃபைல்கள் பல இதற்கு ஒத்துழைக்காது, "என்னை நேரடியாகச் சேர்க்காதே, இந்த ஹெடரைச் சேர்" என்று எரர் கொடுத்து நின்றுவிடும். அந்த எரர் வரி தேடலுக்குக் கிடைத்த விடை. பொது ஹெடரின் பெயர் கோண அடைப்புக்குறிக்குள் அதிலேயே இருக்கிறது, செட்டால் எடுத்து அடுத்த சுற்றுக்குக் கொடுத்துவிடலாம்.

இவ்வளவு செய்தும் பெயர் கிடைக்கவில்லை என்றால், அது பெரும்பாலும் ஃபீச்சர் டெஸ்ட் மேக்ரோவின் வேலை. ஹெடரில் எந்தெந்தப் பெயர்கள் வெளியே தெரிய வேண்டும் என்று முடிவு செய்யும் மேக்ரோ அது. எஸ்டிஆர்டப் ஸ்டிரிங்.எச்-இல் இருக்கிறது, ஆனால் மைனஸ் எஸ்டிடி சி99 என்று கண்டிப்பான முறையில் கம்பைல் செய்தால் மறைந்துவிடும். எஸ்டிஆர்பிடைமுக்கு _எக்ஸ்ஓப்பன்_சோர்ஸ் வேண்டும், ஏஎஸ்பிரிண்ட்எஃப்புக்கு _ஜிஎன்யு_சோர்ஸ். கிரெப் இவற்றையெல்லாம் ஃபைலில் காட்டும், கம்பைலர் தெரியாது என்று சொல்லும், இரண்டும் உண்மை. முன்பு இந்த நிலையில் கம்பைலர் ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டு, ஃபங்ஷன் இன்ட் திருப்பித் தருவதாகத் தானே வைத்துக்கொள்ளும். பாயின்டர் தரும் ஃபங்ஷனாக இருந்தால் 64 பிட் முகவரியில் பாதி வெட்டுப்பட்டு, ஓடும்போது எங்கோ ஓரிடத்தில் புரோகிராம் விழும். 2023-இல் கிளாங் 16-உம் 2024-இல் ஜிசிசி 14-உம் இதை இயல்பாகவே எரராக மாற்றிவிட்டன. பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகளில் சிலவற்றுக்கு இது புதிய தலைவலி. சரியான ஹெடரைச் சேர்க்காத அவற்றின் சோதனைப் புரோகிராம் இப்போது கம்பைல் ஆகாது. ஃபங்ஷன் இருக்கும்போதே இல்லை என்று முடிவு செய்து, வேறு பாதையில் பில்டைத் தொடர்ந்துவிடும்.

அதனால் தேடும் ஸ்கிரிப்ட், புராஜெக்ட் பயன்படுத்தும் அதே கம்பைலரையும் அதே கொடிகளையும் பயன்படுத்த வேண்டும். சிசி, சிபிபிஃபிளாக்ஸ், சிஃபிளாக்ஸ் மாறிகளைச் சூழலிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும். ஆப்டிமைசேஷன் கொடியைக்கூட விடக் கூடாது, மைனஸ் ஓ2 இருந்தால் ஜிலிப்சி சில ஃபங்ஷன்களுக்குக் கூடுதலாக இன்லைன் வடிவத்தையும் வெளியே விடும். சிசி இடத்தில் ஆர்ம் 64-க்கான கிராஸ் கம்பைலரைக் கொடுத்து ஓ_டைரக்ட், ஓ_டைரக்டரி இரண்டையும் _ஜிஎன்யு_சோர்ஸோடு தேடிப் பாருங்கள். எக்ஸ்86-இல் முதலாவது எண்ம முறையில் 040000, இரண்டாவது 0200000. ஆர்ம் 64-இல் அந்த இரண்டு எண்களும் அப்படியே இடம் மாறியிருக்கும்.